உறவு நிரூபிக்கப்படவில்லை

மதிப்புக்கும் பாசத்துக்கும் உரிய மச்சானுக்கு,

உங்கள் தங்கை வீட்டுக்காரன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம். நீங்களும் அக்காவும் நலமா என்று கேட்பதற்கு முன்னால், நின்றுகொண்டு படிக்கிறீர்கள் என்றால் தயவுசெய்து உட்கார்ந்துகொள்ளுங்கள். உங்கள் அப்பாவின் காரை நான் பறிமுதல் செய்துவிட்டேன்.

பதறாதீர்கள், மாமா நன்றாகத்தான் இருக்கிறார். முதலிலிருந்து சொல்கிறேன். உரிமம் இல்லாமல் சொந்தக் காரை வாடகைக்கு ஓட்டுகிறவர்களைப் பிடிப்பது என் வேலை. பிடித்தால், ஒருவர் பாக்கியில்லாமல், "பின்னாடி இருக்கறவரு என் சொந்தக்காரருங்க" என்பார்கள். நமக்கு அது பெரிய வசதி. வழியில் போகிறவரைக்கூட அண்ணன், மாமா, சித்தப்பா என்று முறை வைத்துத்தானே கூப்பிடுகிறோம்? அதனால் நானே மூளையைக் கசக்கி ஒரு கேள்விப் படிவம் தயாரித்தேன். இருவரையும் தனித்தனியாக நிறுத்தி, இவர் என்ன மாத்திரை சாப்பிடுகிறார், வீட்டில் எந்த இடத்தில் உட்காருவார், இவர் வீட்டுக்குக் கடைசியாக எப்போது போனீர்கள் என்று கேட்பது. பொய் உறவு மூன்றாவது கேள்வியைத் தாண்டாது. மேலதிகாரி முதுகில் தட்டிக் கொடுத்தார். இரண்டு நாள் என் கால் தரையில் படவில்லை.

போன வியாழக்கிழமை எனக்குப் பயணி வேஷம். நான் ரயில் நிலைய வாசலில் ஏற வேண்டும். நாலு தெரு தள்ளி, என்னோடு வேலை பார்க்கும் ஆய்வாளர் அம்மா வண்டியை மறித்து, என்னைத் தெரியாதவர்போல விசாரிக்க வேண்டும். இதுதான் திட்டம். ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. ஊரில் பாதிக் கார் வெள்ளைதான், எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. தொப்பி போட்ட ஓட்டுநர் திரும்பாமலே, "டாக்ஸி வேணுமா?" என்றார். மீன் தானாக வந்து வலையில் விழுந்தது என்று ஏறி உட்கார்ந்தேன். வண்டி நகர்ந்ததும் அவர் சொன்னார்: "வழியில ஆபீசருங்க யாராவது மறிச்சா, நான் உங்க மாமனார்னு சொல்லிடுங்க."

அது நன்றாகத் தெரிந்த குரல். நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தேன். உங்கள் அப்பாவும் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"சரிங்க மாமா" என்றேன். வேறு என்னதான் சொல்வது?

அதற்குள் ஆய்வாளர் அம்மா கையை நீட்டி மறித்துவிட்டார். நான் இறங்கி ஓடி, "இவரு நிஜமாவே என் மாமனாரும்மா" என்றேன். அவர் குனிந்து, "அசத்துறீங்க சார், அப்படியே நிஜம் மாதிரி இருக்கு!" என்று காதோடு சொல்லிவிட்டுப் படிவத்தை எடுத்தார். மாமா என்ன மாத்திரை சாப்பிடுகிறார்? தெரியவில்லை. எங்கே உட்காருவார்? அத்தை இருந்தவரை ஜன்னல் ஓரம், இப்போது தெரியவில்லை. கடைசியாக எப்போது போனேன்? அத்தை தவறிய மாதம். பத்து மாதம் ஆகிறது, மச்சான்.

மாமா சொன்ன பதில்களைப் பிறகு அலுவலகத்தில் படித்தேன். நான் காபிக்குச் சர்க்கரை போடுவதில்லை, எனக்கு இடது முழங்கால் வலி, குப்புறப் படுத்தால்தான் தூக்கம் வரும், எங்கள் சின்னவளுக்குக் கணக்கு வராது என்று ஒன்றுவிடாமல் சொல்லியிருக்கிறார். அதற்குக் கீழே, என் பதில்களுக்காகச் சிவப்பு மையில் ஒரு வரி: உறவு நிரூபிக்கப்படவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கோப்பால் முகத்தை மறைத்துக்கொண்டு அழுதேன்.

"ஏன் மாமா உங்களுக்கு இந்த வேலை?" என்று கேட்டேன். "சுவரோட எவ்வளவு நேரந்தான் பேசறது மாப்பிள்ளை? வண்டியில கூட ஒரு ஆள் இருந்தா நல்லா இருக்கு" என்றார்.

அவர் நிஜ மாமனார்தான் என்று ஆய்வாளர் அம்மா கடைசியில் நம்பிவிட்டார். ஆனால் டாக்ஸி வேணுமா என்று மாமா கேட்டதை நானே என் காதால் கேட்டேனே! திங்கட்கிழமை நான் வழக்கு அறிக்கையில் கையெழுத்துப் போட்டால் ஆறு மாதத்துக்கு வண்டி கிடையாது. போடாவிட்டால், உபதேசம் ஊருக்குத்தானா என்று நாலு பேர் கேட்பார்கள். போடத்தான் போகிறேன். ஆகையால் நீங்கள், மகன் என்ற முறையில், இனி கண்டவர்களை வண்டியில் ஏற்றக் கூடாது என்று அவருக்குக் கொஞ்சம் கடுமையாக எழுத வேண்டும். இப்போது எங்கள் வீட்டில்தான் இருக்கிறார். உங்கள் தங்கை என்னோடு பேசுவதில்லை, அவரோடு பேசி ஓய்வதில்லை. வீடு கலகலவென்றுதான் இருக்கிறது.

அக்காவுக்கு எங்கள் அன்பு. பிள்ளைகள் நோய்நொடியில்லாமல் நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
கடமையைச் செய்துவிட்டு முழிக்கும்
உங்கள் தங்கை கணவன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் மாமா கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டார். "எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கீங்க. ஆனா வியாழக்கிழமை உங்களுக்கு ஸ்டேஷன் வாசல்ல டூட்டின்னு பாப்பா முன்னாடியே போன்ல சொல்லிட்டா" என்றார். உங்கள் தங்கைதான் அவருக்கு இன்னும் பாப்பா. எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. "அப்ப இதுவரைக்கும் எத்தனை பேரை ஏத்தியிருக்கீங்க மாமா?" என்று கேட்டேன்.

"உங்களையும் சேர்த்து ஒருத்தர்" என்றார்.

மாமாவுக்கு எழுத வேண்டாம், மச்சான். எனக்கு எழுதுங்கள், கொஞ்சம் கடுமையாகவே.