மைக் செட்காரன் கட்டிய அமைதி அறை

அன்பும் பெருந்தன்மையும் மெத்தை வியாபாரமும் ஒருங்கே வாய்க்கப்பெற்ற மச்சான் அவர்களுக்கு, உங்கள் தங்கையைக் கட்டிக்கொண்டு இத்தனை வருடம் தாக்குப்பிடித்த மாப்பிள்ளை பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் தங்கையும் உங்கள் மருமகளும் நலம். அங்கே நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் கடையில் விற்காமல் கிடக்கும் மெத்தைகளும் நலம்தானே?

உங்கள் கடிதம் வந்தது. புதுக் கிளைத் திறப்பு விழாவுக்கு எட்டு ஸ்பீக்கர், சுழல் விளக்கு, புகை மெஷின் எல்லாம் வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். கேட்டதோடு நிறுத்தியிருக்கலாம். கடைசி வரியில், "மாப்பிள்ளை, புகை போட்டு ஒரு பள்ளிக்கூடத்தையே காலி பண்ணிட்டீங்களாமே?" என்று ஒரு கேள்வி வேறு. இது உங்கள் தங்கை போனில் வைத்த வத்தி என்று எனக்குத் தெரியும். அவள் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் பாதியில் நிறுத்திவிட்டாள். மீதியையும் நானே எழுதுகிறேன், முழுவதும் படித்துவிட்டு அப்புறம் சிரியுங்கள்.

உங்கள் மருமகள் படிக்கும் பள்ளி மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கானது, எல்லாம் மீசை முளைக்கிற, முகப்பரு வருகிற வயது. உங்கள் மருமகளுக்குச் சத்தம் ஆகாது, கூசும் வெளிச்சமும் ஆகாது என்பது உங்களுக்குத் தெரியும். பள்ளியில் மணி அடித்து எல்லாரும் ஒரே நேரத்தில் வராந்தாவுக்கு வந்தால் போதும், இவள் மாடிப்படிக்கு அடியில் துடைப்பம் வைக்கிற சந்தில் போய்க் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். எழுந்து வருவதற்குள் ஒரு பாடம் முடிந்துவிடும். இப்படியே போனால் மற்ற பிள்ளைகள் கணக்குப் படிப்பார்கள், இவள் துடைப்பத்தோடு படிப்பாள் என்று உங்கள் தங்கை அழுதாள். இவளைப் போலவே இன்னும் பல பிள்ளைகள் அங்கே உண்டு. அதனால் பெற்றோர் கூட்டத்தில் தெரபி டீச்சர் எழுந்து, உடைந்த பெஞ்சு போட்டு வைத்திருக்கும் அறையைப் புலனுணர்வு அறையாக மாற்றப்போகிறோம், கண்ணுக்கும் காதுக்கும் உடம்புக்கும் எது வேண்டுமோ அது அங்கே கிடைக்கவேண்டும், இதைத் தெரிந்தவர்கள் யாராவது செய்து தர முடியுமா என்று கேட்டார். கண்ணுக்கும் காதுக்கும் என்றால் அது என் தொழில் அல்லவா? நான் எழுந்தேன். உங்கள் தங்கை சட்டையைப் பிடித்து இழுத்தாள். பொத்தான்தான் போயிற்று, நான் உட்காரவில்லை.

உங்களிடம் மறைப்பானேன், எனக்கு இன்னொரு ஆசையும் இருந்தது. ஊரில் எந்தக் கல்யாணம், எந்தக் கூட்டம் என்றாலும் என் லைட்தான், என் மைக்தான். ஊரே பார்த்த அந்த வெளிச்சத்தை நான் பெற்ற பெண் பார்த்ததில்லை. சின்னக் குழந்தையாக இருந்தபோது ஒரே ஒரு கல்யாணத்துக்குக் கூட்டிப்போனேன். அவள் போட்ட அலறலில் நான் பதறி மெயினையே பிடுங்க, கல்யாண மாப்பிள்ளை இருட்டில் பெண்ணின் தோழிக்கு மாலை போடப் போய்விட்டார். அதற்குப் பிறகு அவள் வந்ததில்லை. நான் செய்கிற ஓர் அறைக்குள்ளாவது அவள் காலெடுத்து வைக்கமாட்டாளா என்று இருந்தது, அவ்வளவுதான்.

சரி, புகைக்கு வருகிறேன். குடோனில் இருந்த நல்ல சரக்கை எல்லாம் வண்டியில் ஏற்றினேன். கண்ணாடிச் சில்லு பதித்த சுழல் உருண்டை, ஓடுகிற சீரியல் பல்பு, நாலு மூலைக்கு நாலு ஸ்பீக்கர், அதில் அருவிச் சத்தம், அருவி என்றால் சாரல் வேண்டாமா, அதற்குத்தான் புகை மெஷின். சுவருக்குப் பெயின்டரைப் பிடித்தேன். அவர் பால்வாடிகளுக்கு வரைந்து பழகிய கை, ஒரு சுவர் முழுக்கச் சிரிக்கிற முயல், எதிர்ச் சுவரில் பல் தேய்க்கிற யானை. தரைக்கு நீங்கள் பெரிய மனது வைத்து இலவசமாக அனுப்பிய மெத்தைகள், இளஞ்சிவப்பில் வாத்துப் படம் போட்டவை. (அவை ஏன் இலவசமாக வந்தன என்பதை நான் கிளறவில்லை.) முதன்முதலாக உள்ளே அழைத்து வந்தது சக்கர நாற்காலியில் இருக்கும் ஒரு பையனை. பள்ளியே அவனை மீசை என்றுதான் கூப்பிடும், அவ்வளவு அழகாக வளர்த்து வைத்திருக்கிறான். வாயால் பேச முடியாது, மடியில் இருக்கும் கருவியில் பொத்தானை அழுத்தினால் அது பேசும். முயலைப் பார்த்தான். யானையைப் பார்த்தான். உங்கள் வாத்துகளைப் பார்த்தான். பிறகு நிதானமாக அழுத்தினான். "எனக்கு. வயசு. பதினேழு." அந்த நேரம் பார்த்துப் புகை மெஷின் தன் வேலையைக் காட்ட, மேலே இருந்த தீ அலாரம் அலற, பள்ளிக்கூடம் மொத்தமும் மைதானத்தில் போய் நின்றது. பெரிய டீச்சர் வருகைப் பதிவேட்டை மார்போடு அணைத்தபடி ஓடிவந்து, "ஐயா, உங்ககிட்ட கேட்டது அமைதி அறை, அரசியல் மாநாடு இல்லை" என்றார். எனக்கு அந்தத் திட்டுகூட உறைக்கவில்லை. உங்கள் மருமகளைத் தேடிப் போனேன். துடைப்பச் சந்தில் இருந்தாள், என்னைப் பார்த்ததும் கண்ணையும் மூடிக்கொண்டாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள், எனக்குக் குரங்குகூட முடியவில்லை.

நான் வண்டியில் சாமானை ஏற்றிக்கொண்டிருந்தபோது தெரபி டீச்சர் வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "நீங்க எதைக் குடுக்கலாம்னே யோசிக்கிறீங்க. உங்க பொண்ணு வீட்டுல எதை எல்லாம் நிறுத்துறா, அதைக் கொஞ்சம் பாருங்களேன்" என்றார். எதை நிறுத்துகிறாள்? எதைத்தான் விட்டுவைக்கிறாள்! பிரிட்ஜைப் பிடுங்குவாள், பால் கெடும். டியூப் லைட்டை அணைப்பாள், காய் நறுக்கும் உங்கள் தங்கை கையை வெட்டிக்கொள்வாள். போன தடவை நீங்கள் வந்து வியாபார நுணுக்கம் பேசிக்கொண்டிருக்கும்போது மின்விசிறியை நிறுத்தினாளே, நீங்கள் வியர்த்துப்போய்ப் பேச்சை முடித்தீர்கள், அதற்கு இன்றுவரை நான் அவளுக்கு நன்றிக்கடன் பட்டவன். இதை எல்லாம் நாங்கள் சேட்டை என்று நினைத்திருந்தோம். அன்றைக்கு டியூப் லைட்டுக்குக் கீழே ஸ்டூல் போட்டு ஏறிக் காதை வைத்துக் கேட்டேன். உள்ளே 'ங்ங்' என்று ஒரு ரீங்காரம். இத்தனை காலம் மைக் பிடித்த காது எனக்கு, கீழே நின்றால் அது கேட்பதே இல்லை, அவளுக்குக் கேட்டிருக்கிறது!

விடுமுறை நாளில் அவளைக் குடோனுக்குக் கூட்டிப்போய்க் கதவைத் திறந்துவிட்டு ஓரமாக நின்றேன். ஒவ்வொன்றாகப் பார்த்தாள், எரிந்ததை எல்லாம் அணைத்தாள். கடைசியில் என் டிம்மர் பலகை முன்னால் உட்கார்ந்தாள். மேடை விளக்கைக் கூட்டவும் குறைக்கவும் நான் பின்வரிசையில் வைத்து இயக்குவேனே, கைப்பிடி கைப்பிடியாக இருக்குமே, அதுதான். ஒரு கைப்பிடியைத் தொட்டு மெல்ல மேலே தள்ளினாள். மூலையில் ஒரு விளக்கு எழுந்தது. மெல்ல இறக்கினாள். மறுபடி ஏற்றினாள். மச்சான், அந்தக் கையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவன் நான், எனக்கு அந்த நிதானம் வராது. இதில் இன்னொன்றும் எனக்குப் புரிந்தது. பலகை எப்போதும் என் கையில்தான் இருந்திருக்கிறது, கீழே உட்கார்ந்திருப்பவருக்குக் கண் கூசுகிறதா என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. அன்றே முடிவு செய்தேன், அந்த அறையில் பெரியவர்கள் யாருக்கும் ஸ்விட்ச் கிடையாது.

அப்புறம் வேலை ஓடியது. முயலும் யானையும் போய்ச் சுவர் சாம்பல் நீலம் ஆயிற்று, நிறத்தைத் தேர்ந்தெடுத்தது மீசை. மெத்தைகளுக்கு எல்லாம் கெட்டித் துணியில் உறை தைத்தாள் உங்கள் தங்கை, வாத்துகள் உள்ளேதான் இருக்கின்றன, யாரிடமும் சொல்லாதீர்கள். அழுத்திப் போர்த்திக்கொள்ள எடை கூடிய போர்வை, வெளியே தலை காட்டாமல் உட்கார ஒரு மரத்தடுப்பு, விட்டத்தில் தொங்கும் ஊஞ்சல் கூடை. வளர்ந்த பையன்களின் எடை தாங்குமா என்று கூடையில் நானே ஏறிப் பார்த்தேன். தாங்கவில்லை. கொக்கியும் கொஞ்சம் சிமெண்டும் என்னோடு இறங்கின, ஒரு வாரம் உங்கள் மெத்தையின் அருமை எனக்குத் தெரிந்தது. பிறகு கொத்தனார் இரும்புப் பட்டை கொடுத்து மாட்டினார். டிம்மர் பலகையைச் சக்கர நாற்காலி நுழையும் உயரத்தில் பொருத்தி, விரல் மடங்காத பிள்ளைக்கும் பிடிபடுகிற மாதிரி கைப்பிடிகளைப் பெரிதாக்கினேன். ஸ்பீக்கர் ஒன்றே ஒன்று, அதற்கும் ஒரு கைப்பிடி.

திறப்பு விழாவுக்குக் கல்வி அதிகாரி வந்தார். வெண்கலக் குரல், அவருக்கு மைக் தேவையே இல்லை, என் பிழைப்பில் மண்ணைப் போடுகிற ஆள். உள்ளே வந்ததுமே முழங்க ஆரம்பித்தார். "இந்த மாபெரும் சாதனை" என்றதும் வாசலில் நின்ற உங்கள் மருமகளின் கை காதுக்குப் போயிற்று. போச்சு, சந்துக்கு ஓடிவிடுவாள் என்று நினைத்தேன். அவள் ஓடவில்லை, மச்சான். ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு அத்தனை பெரிய மனிதர்களையும் விலக்கி உள்ளே வந்தாள். பலகை முன்னால் உட்கார்ந்தாள். கைப்பிடியை மெல்ல இறக்கினாள். வெளிச்சம் குறையக் குறைய அதிகாரியின் குரலும் தானாகக் குறைந்தது. பாதியில் அவர் கிசுகிசுத்தார். முக்காலில் நிறுத்திவிட்டு, தடவித் தடவி உங்கள் வாத்தின்மேல் உட்கார்ந்தார். அறையில் ஒரு சத்தம் இல்லை. மீசைதான் மெதுவாக அழுத்தினான், "நன்றி." அப்புறம் அவள் மூலை விளக்கை மட்டும் கொஞ்சமாக ஏற்றி, என்னைத் திரும்பிப் பார்த்து, "அப்பா. இவ்ளோ போதும்" என்றாள். ஊரே கைதட்டினாலும் அசராதவன், அன்றைக்குச் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தேன். எனக்கு எவ்வளவு பெருமை என்று எழுத வரவில்லை. இப்போது மணி அடித்தால் அவள் அந்த அறைக்குப் போகிறாள், கொஞ்ச நேரத்தில் தானாக எழுந்து வகுப்புக்குப் போகிறாள். கணக்கில் என் தப்பையே கண்டுபிடிக்கிறாள்.

ஆகவே, புகை போட்டது உண்மை, அதோடு கதை முடிந்துவிடவில்லை என்பதற்காகவே இவ்வளவும் எழுதினேன். நீங்கள் கேட்டபடி எட்டு ஸ்பீக்கர், சுழல் விளக்கு, புகை மெஷின் அனைத்தும் தயார். அடுத்த ஊர்க்காரர் தூக்கம் கெடும்படி உங்கள் கடையைத் திறந்துவைக்காவிட்டால் நான் மைக் செட்காரன் இல்லை. அக்காவுக்கு வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசிகள். உங்கள் மெத்தையில் படுப்பவர்கள் எல்லாரும் நன்றாகத் தூங்கி, இன்னும் நாலு பேரிடம் சொல்லட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மாப்பிள்ளை

பின்குறிப்பு: கடிதத்தை மேஜைமேல் வைத்துவிட்டு உறை தேடிப் போனேன். அதற்குள் உங்கள் மருமகள் படித்துவிட்டாள். "மாமா கடைக்கு நான் வர்றேன். பலகை நான்" என்றாள். ஆகவே மேலே வாக்குக் கொடுத்த எட்டு ஸ்பீக்கர் இல்லை, சுழல் விளக்கு இல்லை, புகை அறவே இல்லை. வருகிறவர்களை மெல்லப் பேசச் சொல்லுங்கள். உங்கள் சொற்பொழிவைச் சுருக்கிக்கொள்ளுங்கள். வெளிச்சம் இறங்க ஆரம்பித்தால் பேசாமல் உட்கார்ந்துவிடுங்கள், அதிகாரியே உட்கார்ந்துவிட்டார். கோபப்படாதீர்கள் மச்சான், நான் லைட் போடுகிற விழாவுக்கு என் மகள் வருகிறாள். பலகைக்குப் பக்கத்தில் அவள் உட்கார நல்ல மெத்தை ஒன்று போட்டு வையுங்கள். வாத்து வேண்டாம்.