புகையைப் பிடித்த ஆக்சிஜன் மாமா

ஆக்சிஜன் மாமா, நீங்கள் கண்ணை மூடி ஒரு மாதம் ஆகப்போகிறது. எட்டாவதோடு படிப்பை விட்டவள் நான். உங்களைப் பற்றி எல்லோரும் படிக்கட்டும் என்று மனசில் வந்தபடி எழுதுகிறேன்.

திருவண்ணாமலையில் சாமியோடு சண்டை போட்டவர்கள் உண்டு. பெண்டாட்டியோடு போடாதவர்களே கிடையாது. காற்றோடு சண்டை போட்ட ஒரே ஆள் எங்கள் மாமாதான். சொந்த மாமா இல்லை, அடி அண்ணாமலையில் எங்கள் இட்லிக் கடைக்குப் பக்கத்தில் கேஸ் வெல்டிங் பட்டறை வைத்திருந்தவர்.

அதற்கு முன்னால் ஏதோ ஒரு அனல் மின் நிலையத்தில் பாய்லர் வெல்டராக இருந்தாராம். அங்கே இன்ஜினியர்கள் டீ குடித்துக்கொண்டே பேசியதைக் கேட்டுவிட்டு, அதையே வேதமாக்கிக்கொண்டார். "காத்துல முக்காவாசிக்கு மேல நைட்ரஜன். கல்யாணத்துக்கு வந்து தின்னுட்டு வெத்தல போட்டுட்டுப் போற சொந்தக்காரன் மாதிரி, ஒரு வேலையும் செய்யாது. எரிக்கிறது ஆக்சிஜன்தான். அத மட்டும் உள்ள வுட்டு கரிய எரிச்சா, வர்ற புகைய அப்படியே புடிச்சி அடைச்சிடலாம்" என்பார். வேலை செய்யாத எவனும் அவருக்கு நைட்ரஜன். மச்சானின் கல்யாணப் பத்திரிகையில்கூட மாப்பிள்ளை பெயரை அப்படித்தான் போடச் சொன்னாராம்.

எங்கள் அடுப்பு கொல்லப்பட்டறைக் கரியில் எரிவது. பக்கத்தில் லாட்ஜ் கட்டிப் புதிதாக வெள்ளையடித்த வேங்கிக்கால்காரர்தான் எங்கள் கடை இருந்த இடத்துக்கும் சொந்தக்காரர். கறுத்துப்போன லாட்ஜ் சுவரைக் காட்டி, பௌர்ணமிக்குள் புகை நிற்க வேண்டும், இல்லையென்றால் கடையை எடுத்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார். எங்களுக்கு அந்தக் கடையை விட்டால் வேறு வழியில்லை. அம்மா அழுதார். மாமாவுக்கோ முகமெல்லாம் சிரிப்பு. புகையைப் பிடிக்க ஓர் அடுப்பு கிடைத்துவிட்டதே.

அடுப்பைச் சுற்றித் தகரம் வைத்துக் களிமண் பூசி, காற்று நுழையாமல் அடைத்தார். பட்டறையிலிருந்த தன் ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்தார். கரி சூரியனாகிவிட்டது. அடுப்புக் கம்பி வெல்லப்பாகு மாதிரி வழிந்தது. தெருநாய்கள் செங்கம் தாண்டித்தான் திரும்பிப் பார்த்திருக்கும்.

அம்மா இடுப்பில் கை வைத்து நின்றார். "இட்லிக்கு அடுப்பு கேட்டா இரும்புல கொழம்பு வெக்கிறியே தம்பி."

மாமா தலையைச் சொறிந்தார். "புகையில கொஞ்சத்த திருப்பி அடுப்புக்கே வுடணுமாம்க்கா. அப்பத்தான் சூடு அடங்குமாம். இன்ஜினியரு அதச் சொல்லும்போது பஜ்ஜி வந்துடுச்சி, கவனிக்கல."

பௌர்ணமியன்று காலையில் மறுபடி மூட்டினார். கொல்லரிடம் கேட்டு வாங்கிய துருத்தி, புகையில் பெரும்பங்கை அடுப்புக்கே தள்ளியது. மீதி, தண்ணீர்த் தொட்டிக்குள் கிடந்த குழாய் வழியாகக் குளிர்ந்து, சுண்ணாம்புத் தண்ணீர் டிரம்முக்குள் புடுபுடுவென்று போய் அடங்கியது.

லாட்ஜ்காரர் வெள்ளை வேட்டியில் வந்தார். மேலே பார்த்தார், மோந்து பார்த்தார். "இன்னும் அடுப்பு பத்த வெக்கலியா?"

அம்மா இட்லிப் பானையைத் திறந்தார். ஆவி பறக்கத் தட்டில் வைத்து நீட்டினார். தின்று முடித்தவர் தன் வேட்டியை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். ஒரு பொட்டுக் கரி இல்லை.

"கடை இங்கயே இருக்கட்டும்" என்றார்.

அன்றைக்கு மாமா மலையைச் சுற்றினார். ஒவ்வொரு லிங்கத்தின் முன்னாலும் நின்று, புகையைப் பிடித்துவிட்டேன் என்று சேதி சொன்னார். அக்னி லிங்கத்திடம் மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி நேரம் பேசினாராம்.

அவர் திரும்புவதற்குள் சிலிண்டர் காலி, புகை பழையபடி. ஆனால் லாட்ஜ்காரர் சொன்ன சொல்லை மாற்றவில்லை. தன் மொட்டை மாடிக்கும் மேலே போகிற மாதிரி அவரே ஒரு புகைபோக்கி வைத்துக் கொடுத்தார். புடிக்க வேண்டியதைப் பறக்க விடுகிறானே என்று மாமா தான் போகும்வரை அவரைத் திட்டிக்கொண்டிருந்தார்.

அதே இடத்தில்தான் இன்றைக்கும் அடுப்பு மூட்டுகிறேன். மூட்டுவதற்கு முன்னால் கோயிலுக்குப் போய் நிற்கிறேன். அழுகைதான் வருகிறது, வேண்டுதல் வரமாட்டேன் என்கிறது. படிக்கிற நீங்கள் எல்லோரும் எங்கள் மாமாவுக்காக அண்ணாமலையாரிடம் வேண்டிக்கொள்ளுங்கள்.