போட்டோவில் வந்துவிட்ட புடவை

ஓசூரில் பல வருடங்களாக ஒரு சின்னப் பழக்கத்தைப் பார்த்துவருகிறேன். நன்றாக உடுத்திய ஒரு பெண், நடுரோட்டில், எதையோ தவறவிட்டவளைப் போலக் கீழே பார்த்துச் சிரிப்பாள். கீழே என்ன இருக்கிறது? தார் இருக்கிறது. எதிரே அவள் புருஷன் குந்தி உட்கார்ந்து போனைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். முன்பெல்லாம் கேமராவைப் பார்த்துச் சிரித்தார்கள். இப்போது கேமரா இருப்பதே தெரியாததுபோலச் சிரிக்கிறார்கள். அதற்கு நிறையப் பழக வேண்டும்.

வாசகரே, இந்த இனத்துக்கு உடுப்புப் படக்காரி என்று பெயர் வைத்திருக்கிறேன். ஆண்களிலும் உண்டு. கறுப்புக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, யாருடைய புல்லட் மீதோ சாய்ந்து, பெங்களூரு இருக்கும் திசையை முறைத்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் இனம் முழுசாக விளைந்து நிற்பதைப் பார்க்க வேண்டுமென்றால் எங்கள் லைன் வீட்டுக்கு வர வேண்டும். என் வீட்டுக்கு அடுத்த கதவு. பெயர் சுகுணா.

சுகுணாவுக்கு சிப்காட்டில் வேலை. வாரம் முழுக்க நீல யூனிஃபார்ம், தலைக்கு வலைத் தொப்பி, கழுத்தில் அட்டை. கம்பெனி பஸ்ஸில் ஏறினால் எது சுகுணா, எது பக்கத்து சீட்டுக்காரி என்று பெற்றவர்களுக்கே தெரியாது. ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் கலர் பார்க்க ஆசைப்படுவதில் என்ன தப்பு? ஒரு தப்பும் இல்லை. நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் சோற்றுக்கு உலை வைக்கும் முன்பே பீரோவைத் திறந்து, புடவைக்கு வளையல், வளையலுக்குப் பொட்டு, பொட்டுக்குச் செருப்பு, செருப்புக்குச் சுவர் என்று பொருத்தி, சுவர் பொருந்தவில்லை என்றால் புருஷன் ஹரீஷ்குமாரை வண்டி எடுக்கச் சொல்லி, பேரிகை ரோட்டில் எவனோ பாடுபட்டு வளர்த்த செண்டுமல்லித் தோட்டத்துக்குள் இறங்கி, தோட்டக்காரர் தெலுங்கில் திட்டினால் கன்னடத்தில் கெஞ்சி, அவர் தமிழில் கல்லெடுத்ததும் ஓடிவருவதை என்னவென்று சொல்வது? "கிரியேட்டிவிட்டி" என்கிறாள் சுகுணா. தோட்டக்காரர் வேறு பெயர் சொன்னார்.

இந்த இனத்துக்கு ஒரே ஒரு சட்டம். ஒருமுறை போட்டோவில் வந்துவிட்ட துணி மறுமுறை வரக் கூடாது. கிழிந்த புடவையைக்கூட நாம் தலையணை உறையாக்கி மரியாதை செய்வோம். இவர்களிடம் புத்தம்புதுப் புடவை ஒரே நாளில் செத்துப்போகும். "அது போஸ்ட் ஆயிடுச்சு" என்பார்கள். இழவு சொல்கிற குரல்.

இப்படியே போனால் எந்த பீரோதான் தாங்கும்? காலியாகிவிடும். அப்புறம் அடுத்தவர் பீரோ. "ஒரே ஒரு போட்டோ, உடனே குடுத்துர்றேன்" என்று வாங்கிப் போவார்கள். துணி திரும்பி வரும், ஊக்கு குத்திய ஓட்டைகளோடும் சென்ட் வாசனையோடும்.

சுகுணாவின் நாத்தனார் மேகலா. அதே வீட்டில்தான் இருந்தாள், அவளும் கம்பெனிக்காரிதான். முதல் போனஸில் கிருஷ்ணகிரிக்குப் போய், மயில்கழுத்து நிறத்தில் ஒரு பட்டுப்புடவை எடுத்தாள். பெண் பார்க்க வரும் அன்றைக்கு என்று மடிப்புக் கலையாமல் வைத்திருந்தாள். அந்தப் புடவையை முதலில் கட்டியது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரே ஒரு போட்டோதான்.

வேப்பனப்பள்ளியிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாந்தோப்புள்ள குடும்பம். மாப்பிள்ளை திருமலை, அவன் அம்மா ராஜாத்தி, தங்கை அனிதா. பஜ்ஜி போட என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். நான் மாவு கரைக்கும்போதே உள்ளறையில் சண்டை தொடங்கிவிட்டது.

"அந்தப் பொடவ வேணாம் மேகலா. அது போஸ்ட் ஆயிடுச்சு."

"நான் இன்னும் ஒரு தடவகூடக் கட்டல அண்ணி."

"ஊரே பாத்த பொடவடி அது. என்னோட லாவண்டர் கலர எடுத்துக்க. அத இன்னும் போடல."

"என்னுதே எனக்குப் போதும்."

மேகலா தன் புடவையைக் கட்டிக்கொண்டு காபித் தட்டோடு வந்து நின்றாள். திருமலை அவள் முகத்தைப் பார்த்தான். அனிதா புடவையைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள், அம்மாவின் காதில் ஏதோ சொன்னாள். ராஜாத்திக்கு ரகசியம் பேசத் தெரியாது.

"ஏம்மா, இது உங்கண்ணி பொடவயில்ல?"

"இல்லிங்க. என்னுது. போனஸ் வந்தப்ப நானே எடுத்தது."

அனிதா போனைத் திருப்பிக் காட்டினாள். செண்டுமல்லிக்கு நடுவில் சுகுணா, அதே மயில்கழுத்து, கீழே பார்த்துச் சிரிக்கிறாள். அடியில் எழுதியிருந்தது: 'என் புடவை, என் கதை.'

"எரவல் வாங்கிக் கட்டறது தப்பில்ல கண்ணு," என்றாள் ராஜாத்தி. "வந்து நின்ன மொத நாளே பொய் சொல்றதுதான்..."

எல்லோரும் சுகுணாவைப் பார்த்தார்கள். 'அது அவளுதுதாங்க, நான்தான் வாங்கிக் கட்டினேன்' என்றால் தீர்ந்தது. இவ்வளவுதான் வேலை. படம் பிடித்த ஹரீஷ்குமாருக்கும் வாய் இருந்தது; அவன் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தான். சுகுணா நாத்தனாரின் தோளில் மெல்லக் கை வைத்தாள்.

"எங்க வூட்ல உன்னுது என்னுதுன்னு பிரிச்சுப் பாக்கறதில்லிங்க அத்த."

இதில் பொய் ஒரு சொல் இருக்கிறதா? தேடிப் பாருங்கள். ராஜாத்தி உருகிப்போனாள். "இப்படி ஒரு அண்ணி கெடைக்க நீ குடுத்து வெச்சிருக்கணும்மா" என்றாள். மேகலாவின் கண் நிறைந்தது. வெட்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். மாப்பிள்ளை நல்ல பையனாகத் தெரிந்ததால் அவளும் சரி என்றாள்.

அவர்கள் போனபிறகு மேகலா அடுப்படிக்கு வந்து கேட்டாள்.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல அண்ணி?"

"சொன்னா அந்தப் பொண்ணு அனிதா என்னயப் பத்தி என்ன நெனைக்கும்? அது என்னய ஃபாலோ பண்ணுது மேகலா!"

எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. நான் மிச்ச மாவில் கடைசி ஈடு பஜ்ஜியைப் போட்டேன்.

சிரிக்கிறீர்களா? நல்லது. போன கல்யாணத்துக்குக் கிளம்பும்போது, 'இதைப் போன தடவையே பார்த்துவிட்டார்களே' என்று ஒரு துணியை உள்ளே தள்ளினீர்களே, யார் பார்த்தார்கள்? சாப்பாட்டுப் பந்தியில் இடம் பிடிக்கும் முன்பு வெளிச்சமான சுவராகத் தேடினீர்களே, எதற்கு? உங்கள் பீரோவில் அடுத்தவர் துணி ஏதும் இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. நீங்களே ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது.

மேகலா கல்யாணமாகி இப்போது வேப்பனப்பள்ளியில் இருக்கிறாள். திருமலை அவளை நன்றாக வைத்திருக்கிறான். மாமியார் மட்டும், மருமகள் எதைச் சொன்னாலும், இன்னொருவரிடம் ஒருமுறை கேட்டுச் சரிபார்த்துக்கொள்கிறாள்.