இடி இடித்ததும் ஷாஃப்டுக்கு ஓடினேன்

என் வீட்டுக்காரர் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்பவளைச் சொல்லச் சொல்வேன். அவர் தங்கச் சுரங்கத்தில் வேலை செய்த காலத்தில் இந்தக் கஷ்டம் கிடையாது. டோக்கன் நம்பரைச் சொன்னால் போதும், ஆள் யாரென்று சுரங்க கேட்டிலேயே தெரிந்துவிடும். மூவாயிரத்து நூற்றுப் பதினேழு. கலியாணமான புதிதில் அதைச் சொல்லவே வெட்கமாக இருக்கும். (நம்பருக்கு என்ன வெட்கம் என்று கேட்காதீர்கள். அப்படித்தான் வளர்த்தார்கள்.)

இவ்வளவு கூச்சம் உள்ளவள், போன கோடையில் எங்கள் சாம்பியன் ரீப்ஸ் ஊரையே கூட்டிவிட்டேன்.

அது கெட்ட கோடை. காலையில் புழுக்கம், மத்தியானம் மேகம், பிறகு இடியும் காற்றும். அதோடு கரண்ட் போய்விடும். தகரக் கூரைக்குக் கீழே இட்லிப் பானைக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கும். நாங்களெல்லாம் வேர்த்துக்கொண்டு கிடப்போம். அவரால் அப்படி முடியாது. கல் தூசி தின்ற நெஞ்சு. ஈரக் காற்று உள்ளே போனால் வெளியே வராது. கரண்ட் இருந்தால் மருந்துப் புகை மிஷின் ஓடும். இல்லாவிட்டால் கட்டிலில் குனிந்து உட்கார்ந்து ஒவ்வொரு மூச்சாக இழுப்பார். நடக்கக் கூடாது, நனையக் கூடாது, இன்னொரு தரம் சளி கட்டினால் தாங்க மாட்டார் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மருமகள் சுமதி தினமும் பெங்களூர் ரயிலுக்குக் கிளம்பும்போது அதையே எனக்குச் சொல்வாள்.

"அத்தே, மாமாவ வெளிய உடாதீங்க."

"நான்தான் வாசல்ல காவலு கீறேனே, நீ போ."

அன்றும் அப்படித்தான் சொன்னேன். மத்தியானம் அவருக்கு விசிறிக்கொண்டே இருந்தவள், கட்டில் காலில் சாய்ந்து தூங்கிவிட்டேன். அப்போது இடி விழுந்தது. எங்கே விழுந்ததோ, தரை ஆடியது. அலமாரிப் பாத்திரமெல்லாம் உருண்டது.

எங்கள் ஊரில் தரை ஆடிப் பாத்திரம் உருண்டால் ஒரே அர்த்தம்தான். பூமிக்குள் பாறை வெடித்திருக்கிறது. அந்தக் காலத்தில் லைன் வீட்டுப் பெண்களெல்லாம் அடுப்பை அணைத்துவிட்டு, ஆட்கள் கேஜ் என்ற இரும்புக் கூண்டில் இறங்கி ஏறும் ஷாஃப்டுக்கு ஓடுவோம். ஆளுக்கொரு வேட்டி கையில் இருக்கும். அது எதற்கு என்று யாரும் யாரையும் கேட்க மாட்டோம்.

சுரங்கம் மூடி எத்தனையோ வருஷம் ஆயிற்று. தூக்கத்தில் எழுந்தவளுக்கு அது தெரியுமா? கொடியிலிருந்து ஒரு வேட்டியை உருவிக்கொண்டு ஓடினேன். ஆலங்கட்டி மழை. ஒரு காலில் என் செருப்பு, இன்னொன்றில் சுமதியின் செருப்பு. போகிற போக்கில் அவர் காலையும் மிதித்துவிட்டுத்தான் போனேனாம்.

ஷாஃப்டு கேட்டில் ஒரு பூட்டு, நிறையப் புதர், ஒரு வாட்ச்மேன். பக்கத்துப் பூதிகோட்டைக் கன்னடக்காரர், பாட்டியை அஜ்ஜி என்பார்.

"கேஜு மேல வந்துச்சா?" என்று கத்தினேன். எனக்கு அப்படியொரு குரல் இருப்பது அன்றுதான் எனக்கே தெரிந்தது.

"இன்னாது அஜ்ஜி?"

"பகல் ஷிப்டு ஆளுங்க வந்துட்டாங்களா?"

"உனக்கு யார் வேணும்? பேர் சொல்லு."

பேரைச் சொல்வேனா? "மூவாயிரத்து நூத்திப் பதினேழு!"

வாட்ச்மேன் போனை எடுத்து அழுத்தினார். "மூணு, ஒண்ணு, ஒண்ணு, ஏழு. மிச்ச நம்பரு?"

"மிச்சம் இல்லப்பா. அவ்ளோதான் அவுரு!"

"நாலு நம்பர்ல போன் போவாது அஜ்ஜி."

டீக்கடையில் ஒதுங்கியிருந்தவர்கள் எல்லாம் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். அண்ணாந்து பார்த்தேன். கேஜைத் தூக்கும் பெரிய சக்கரம் துருப்பிடித்துப் போய் நின்றுகொண்டிருந்தது. அப்போதுதான் தூக்கம் கலைந்தது. வெட்கத்தில் வேட்டியால் முகத்தை மூடிக்கொண்டேன். மூடிய பிறகுதான் நினைவு வந்தது. அவரைத் தனியாக விட்டு வந்திருக்கிறேன்.

திரும்பி ஓடுவதற்குள் பக்கத்து வீட்டு அந்தோணியின் ஆட்டோ வந்து நின்றது. உள்ளே அவர். என்னைப் பிடிக்க மழையில் நடந்து, பாதி வழியில் மூச்சு முட்டி உட்கார்ந்துவிட்டவரை அந்தோணிதான் தூக்கிப்போட்டு வந்திருக்கிறான். உதடு நீலமாக இருந்தது.

"இன்னாம்மே," என்றார். ஒரு மூச்சு இழுத்தார். "நான் மேல வந்துட்டேன்." இன்னொரு மூச்சு. "அந்த வேட்டியக் குடு. தலை தொடைக்கணும்."

எதற்கோ எடுத்துப் போன வேட்டியால் அவர் தலையைத் துவட்டினேன். வாட்ச்மேன் எட்டிப் பார்த்தார்.

"இவுருதானா அஜ்ஜி அந்த நாலு நம்பரு?"

அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரி. சளி கட்டிவிட்டது. ஆளைக் கொண்டுபோய்விடும் என்றுதான் அங்கே எல்லோரும் நினைத்தார்கள். சுமதி வெகு நாள் என்னோடு பேசவில்லை. கடைசியில் பேசியபோது, "அத்தே, என் செருப்பு எங்க?" என்றாள்.

பிழைத்து வந்தார். பேசுகிற அளவுக்கு மூச்சு மட்டும் திரும்பி வரவில்லை. ஆக்சிஜன் குழாயோடு கட்டிலிலேயே இருக்கிறார். அந்தோணி இன்னமும் என்னைக் கண்டால் ஆட்டோவை நிறுத்தி, "ஷாஃப்டுக்கா ஆயா?" என்கிறான். சுமதி பெங்களூர் வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருக்கிறாள். வானம் கறுத்தால் வீட்டுச் செருப்பையெல்லாம் எடுத்துப் பீரோ மேல் வைத்துவிடுகிறாள்.

இந்தக் கோடையும் அதே புழுக்கம், அதே இடி. இடித்ததும் அவர் தம்ளரால் கட்டில் இரும்பில் டங்கென்று ஒரு தட்டு தட்டுவார். மேலே வந்துவிட்டாராம். உடனே சுமதி, "அத்தே, மூவாயிரத்து நூத்திப் பதினேழு ஆஜர்!" என்பாள். எல்லோரும் சிரிப்போம். நானும்தான்.

இடிக்கும் அந்தத் தட்டுக்கும் நடுவில் கொஞ்ச நேரம் இருக்கிறது. இந்த வருஷம் அது நீண்டுகொண்டே போகிறது. அதுவரைக்கும் யாரும் சிரிப்பதில்லை. நான் பீரோ மேலிருக்கும் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.