ஒன்பதரை மணி ஆசாமி

"சார், ஒன்பதாம் நோடு மறுபடி நிரம்பிடுச்சு. என் கணக்கு பாதியில நிக்குது," என்றார் திமிங்கல மேடம். ஆறு வருடம் கடலில் அலைந்து திமிங்கலங்களின் குரலைப் பதிவு செய்தவர்.

"காலி பண்ணிடறேன் மேடம்."

"ரொம்ப நன்றி சார்."

வேலை முடியுமுன்னே வரும் அந்த நன்றிதான் கிளஸ்டர் அதிகாரியைப் படுத்தியது.

கிளஸ்டரில் இருபது கணினிகள். ஒவ்வொன்றும் ஒரு நோடு. ஆராய்ச்சியாளர்கள் பெரிய சேமிப்பகத்திலிருந்து ஃபைல்களை நகலெடுத்து, வேகத்துக்காக நோடின் கேஷில், அதாவது தற்காலிக இடத்தில், வைப்பார்கள். வைக்கத் தெரிந்த யாருக்கும் எடுக்கத் தெரியாது.

ஒன்பதாம் நோடில் பாதி இடத்தை ஒரே ஃபைல் அடைத்திருந்தது. பெயர் 'வேண்டாதது'. வைத்தவர் பெயருக்குப் பதில் வெறும் எண். திறந்து பார்த்தார். புரியாத குறிகள். சொந்தக்காரரைக் கேட்காமல் கையால் அழிக்கக் கூடாது. அந்த விதியைப் போட்டவரும் அவரே.

புது விதி போட்டார்: பதினாலு நாள் யாரும் திறக்காத நகல் தானாக அழியும்.

மற்றதெல்லாம் அழிந்தது. 'வேண்டாதது' அசையவில்லை. தினமும் வந்ததும் தேதியைப் பார்ப்பார். 'கடைசியாகத் திறந்தது: நேற்று காலை ஒன்பதரை.' துப்பு கிடைக்குமா என்று திறந்து பார்ப்பார். திட்டுவார். மூடுவார்.

"நான் இங்க உட்கார்ந்திருக்கும்போதே திறக்கறான் பாருங்கண்ணே! என்ன நெஞ்சழுத்தம்!"

"பொல்லாத ஆளுதான்," என்றார் ஏசி மெக்கானிக். ஒரு மாதமாக ஏணி மேலேயே குடியிருந்தார்.

பதினாலை ஐந்தாகக் குறைத்தார். தேவையான நகல்களும் போயின. எல்லோருடைய கணக்கும் ஒரே நேரத்தில் பெரிய சேமிப்பகத்துக்கு ஓடியது. அது மூச்சுத் திணறியது. அணைத்து மறுபடி போட்டார்.

சேமிப்பகம் திரும்பி வந்தது. திமிங்கலங்கள் வரவில்லை.

"காப்பு நகல் இருக்குமே சார்?"

இருந்தது. அதே சேமிப்பகத்தில்.

மேடம் நாற்காலியில் உட்கார்ந்தார். முதல் தடவையாக நன்றி சொல்லவில்லை.

"போன வருஷம் படிப்பு முடிச்சுப் போன என் மாணவி எல்லாத்தையும் ஒரே மூட்டையா கட்டி எங்கயோ ஒரு நோடுல வெச்சா. யாரும் தொடக் கூடாதுன்னு 'வேண்டாதது'ன்னு பேரு வேற. அது எப்பவோ அழிஞ்சிருக்கும், இல்ல?"

அதிகாரி ஓடினார்.

சற்று நேரத்தில் ஒலிபெருக்கியிலிருந்து நீண்ட, ஆழமான குரல் எழுந்து அறையை நிறைத்தது. மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"உங்களுக்கு எப்படி நன்றி சொல்றது சார்?"

"எனக்கு எதுக்கு மேடம்? தினமும் திறந்து திறந்து அதை உயிரோட வெச்சானே, அந்த ஒன்பதரை மணி ஆசாமி! எவ்வளவு திட்டியிருப்பேன். ஆளு மட்டும் கிடைக்கட்டும், கால்ல விழுந்துடறேன்."

ஏணி மேலிருந்து மெக்கானிக் எட்டிப் பார்த்தார்.

"கண்ணாடி முன்னாடி விழுங்க சார். காலைல ஒன்பதரைக்கு வந்து அதைத் திறக்கறது நீங்க ஒருத்தர்தானே?"