பானகமும் நூற்றெண்பத்தாறும்

ஒரு சவர்க்காரக் கட்டி அளவு மெஷினோடு ஊரறியச் சண்டை பிடித்துத் தோற்றவன் நான். இன்றைக்கு நினைத்தாலும் அதன்மேல் ஆத்திரம் வருகிறது. (என்மேல் வரவேண்டிய ஆத்திரம்தான். பரவாயில்லை, இரண்டு பேருக்கும் போதுமான அளவு என்னிடம் இருக்கிறது.)

யுத்த காலம். நான் உடப்புக் கடற்கரையில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தேன். என் அண்ணனைச் சிலாபம் போகிற வழியில் இராணுவத்தார் பஸ்ஸிலிருந்து இறக்கி, விசாரணை என்று கொண்டுபோய் ஏழு மாதம் வைத்திருந்தார்கள். அவர் உயிரோடு வந்தால் தீ மிதிக்கிறேன் என்று அம்மனுக்கு நேர்ந்தேன். வந்தார். ஆனால் வந்தவர் சிரிக்கவில்லை, கோயில் பக்கம் போகவில்லை, எதைக் கேட்டாலும் ஓம், இல்லை, அவ்வளவுதான். நேர்த்தியை முடித்தால் மிச்ச அண்ணனும் வீட்டுக்கு வந்துவிடுவார் என்று நம்பினேன்.

குறுக்கே வந்து நின்றது சீனி. அந்த வருசம் சிலாபத்தில் ஒரு டொக்டர் என் இரத்தத்தைப் பார்த்துவிட்டு, "உங்களுக்குச் சீனி வருத்தம் இல்ல தம்பி. ஆனா அதின்ட வாசல்ல வந்து நிக்கிறீங்க," என்றார். தீ மிதிக்கப் போகிறேன் என்றதும் அவர் முகம் மாறியது.

"அதுக்கு முதல் வெறும் வயித்தோட வந்து காட்டுங்க. கூடியிருந்தா நெருப்புப் பக்கமே போகக்கூடாது. கால்ல காயம் பட்டாலும் தெரியாது, பட்டது லேசில ஆறவும் ஆறாது."

தீமிதிப்புக்கு இரண்டு நாள் இருக்கும்போது போனேன். விரதக்காரன், முதல் நாள் பகல் ஒரு நேரச் சோறு சாப்பிட்டதோடு சரி. விடியக் கடலில் முழுகி, கோயிலுக்குப் போய்க் கும்பிட்டு, துணைக்கு அண்ணனையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். வழியில் வழக்கம்போலச் சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கி வரிசையில் விட்டார்கள். அண்ணன் தன்னை விடுவித்த கடிதத்தைப் பொலித்தீன் உறையோடு நெஞ்சில் பிடித்துக்கொண்டு நின்றார். திரும்பப் பஸ்ஸில் ஏறிய பிறகும் அவர் அதை உள்ளே வைக்காததைப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த எரிச்சலோடுதான் டொக்டர் முன்னால் போய் உட்கார்ந்தேன்.

விரலில் குத்தினார். மெஷின் காட்டியது நூற்றெண்பத்தாறு.

"என்ன சாப்பிட்டீங்க?"

"ஒண்ணும் சாப்பிடல்ல. விரதம்."

"ஒண்ணுமே வாயில வைக்கல்லியா?"

"அம்மன் மேல சத்தியமா இல்ல."

டொக்டர் பேனையைக் கீழே வைத்தார். "அப்ப நீங்க வாசலத் தாண்டி உள்ளுக்கு வந்திட்டீங்க. தீ மிதிக்க வேணாம்."

எனக்கு வந்ததே கோபம். ஏழு மாத நேர்த்தியை ஒரு சவர்க்காரக் கட்டி நிறுத்துவதா? மெஷின் பழுது என்றேன். பற்றரி இறங்கிவிட்டது என்றேன். (பற்றரி பற்றி எனக்குத் தெரிந்தது ரோச் லைற்றோடு முடிந்துவிடும்.) கதவுக்கு வெளியே காத்திருந்த சனம் முழுவதும் எட்டிப் பார்த்தது. அந்த மனிதர் பொறுமையாகத் தன் விரலையே குத்திக் காட்டினார். தொண்ணூற்றிரண்டு. "அண்ணனுக்கும் பாருங்க," என்று கத்தினேன். பார்த்தார். எண்பத்தெட்டு.

"பாத்தீங்களா? ஒரே வீடு, ஒரே வயித்துப் பிள்ளைகள், ரெண்டு பேருமே ஒண்ணும் சாப்பிடல்ல. அவருக்கு எண்பத்தெட்டு, எனக்கு இப்பிடியா? இது மெஷினா, என்னது?"

அப்போதுதான் அண்ணன் வாயைத் திறந்தார். வீடு வந்த நாளிலிருந்து அவர் பேசிய முதல் நீண்ட வசனம் அது.

"டொக்டர், இவன் விடியக் கோயில்ல பானகம் குடிச்சவன். ரெண்டு செம்பு. பஸ்ஸுக்குள்ள இவனே சொன்னவன்."

"அது பிரசாதம்," என்றேன் நான். எனக்கு அதில் சந்தேகமே இருக்கவில்லை. சோறு சாப்பாடு, பாண் சாப்பாடு. அம்மனுக்குப் படைத்த சர்க்கரைத் தண்ணீர் எப்படிச் சாப்பாடாகும்?

டொக்டர் மெஷினை என் பக்கம் திருப்பினார். "தம்பி, உங்கட இரத்தத்துக்கு அது பிரசாதமெண்டு ஆரு சொல்ற?"

வெளியே ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். பிறகு வரிசையே சிரித்தது. நான் அடிக்கப் போகிறவன் மாதிரித் திரும்பினேன். பக்கத்துக் கதிரையில் அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழியச் சிரித்துக்கொண்டிருந்தார். ஆளையே காட்டிக் கொடுத்துவிட்டுச் சிரிப்பு வேறு.

டொக்டர் மட்டும் சிரிக்கவில்லை. தப்பாக எடுத்த ஒரு இலக்கத்தை வைத்து வருத்தம் என்றும் சொல்ல முடியாது, சுகம் என்றும் சொல்ல முடியாது என்றார். இரவு முழுக்கப் பச்சைத் தண்ணீர் தவிர ஒன்றும் கூடாது, பிரசாதமும் கூடாது, நித்திரை கொள்ள வேண்டும், முடிந்தால் வருகிற வழியில் யாரோடும் சண்டை பிடிக்கவும் கூடாது. (கடைசியைச் சொல்லும்போது மெஷினை மெல்லத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.) மறுநாள் நூற்றுப் பதினேழு. இன்னும் வாசலில்தான்.

"போகச் சொல்லவும் மாட்டேன், மறிக்கவும் மாட்டேன். மிதிச்சா அடுத்த நாளே வந்து காலக் காட்டணும். இனிச் சீனியையும் சோத்தையும் குறைச்சு, நல்லா நடங்க. வாசல்ல நிக்கிறவர் திரும்பியும் போகலாம்."

மிதித்தேன். நெருப்பைத் தாண்டி வந்து கண்ணைத் திறந்தபோது முன்னால் அண்ணன் நின்றார். கோயில் வீதியில், அத்தனை சனத்துக்கு நடுவில், கையில் செம்போடு. வாங்கி மடமடவென்று குடித்தேன். பச்சைத் தண்ணீர்.

இத்தனை வருசமாக நான் வாசலிலேயே நிற்கிறேன். வீட்டில் கேக் வெட்டினாலும், இனிப்புத் தொதல் வந்தாலும், அண்ணன் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொல்வார்: "தம்பிக்கும் வைங்க, பிரசாதம்தானே, இரத்தத்துக்குத் தெரியாது." என் பேரப்பிள்ளைகள் வரை இப்போது அதைச் சொல்கிறார்கள். எனக்குச் சுள்ளென்று ஏறும், திட்ட வாயெடுப்பேன். அதற்குள் அவர் சிரிக்கத் தொடங்கிவிடுவார், அன்றைக்கு அந்தக் கதிரையில் சிரித்த அதே சிரிப்பு. பல்லைக் கடித்துக்கொண்டு தண்ணீரைக் குடிப்பேன்.