முழங்கையும் ஒரு டம்ளர் தண்ணீரும்

கடைத்தெருவில் அவருக்கு ‘லேப்டாப் டாக்டர்’ என்று பெயர். ஊரார் லேப்டாப்பெல்லாம் அவர் கையில் உயிர் பிழைக்கும். அப்பேர்ப்பட்டவர் ஞாயிற்றுக்கிழமை காலை சாப்பாட்டு மேஜையில் முழங்கையை நீட்டி, ஒரு டம்ளர் தண்ணீரைத் தட்டி, மனைவியின் திறந்து கிடந்த லேப்டாப்பைக் குளிப்பாட்டிவிட்டார்.

பொத்தானை அழுத்தினார். மூச்சில்லை.

“நாளைக்கு ஒம்பது மணிக்கு எனக்கு ஆன்லைன் வகுப்பு,” என்றாள் மனைவி. கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

“இன்னிக்கே சரி பண்ணிடறேன்.”

“முடியலேன்னா?”

“என் புது லேப்டாப்பை எடுத்துக்கோ!”

வாய் முந்திக்கொண்டது. யாரையும் தொடவிடாமல் துணி போர்த்தி வைத்திருக்கும் லேப்டாப் அது.

அரை மணியில் மேஜை ஆபரேஷன் தியேட்டர் ஆனது. போர்டைக் கழற்றினார், துடைத்தார், உலர்த்தினார், மீட்டரை வைத்தார். அடாப்டர் நுழையும் இடத்தில் பத்தொன்பது வோல்ட். சார்ஜிங் சிப்புக்கு முன்னால் காவல் நிற்கும் கடுகளவு ரெசிஸ்டரின் இந்தப் பக்கமும் பத்தொன்பது. அந்தப் பக்கம் ஒன்றுகூட இல்லை. திருடன் அகப்பட்டான்!

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். ரெசிஸ்டரைச் சுற்றிப் பச்சைக் களிம்பு. பக்கத்தில் பழுப்பாக, பிசுபிசுவென்று ஏதோ.

காலையில் கொட்டிய தண்ணீருக்கு மதியத்துக்குள் களிம்பு ஏறுமா? தண்ணீர் பிசுபிசுக்குமா? முகர்ந்தார். காபி. சர்க்கரை போட்ட காபி. அவர் சர்க்கரையைத் தொட்டு நாலு வருஷம் ஆகிறது.

ரெசிஸ்டரை மாற்றினார். பேட்டரி முனையில் எட்டில் கிடந்த வோல்ட் ஒன்பது, பத்து என்று ஏறத் தொடங்கியது. கூடவே அவருடைய வீரமும்.

“இங்க வா! நான் கொட்டினது தண்ணி. இது காபி! கொட்டி ரெண்டு வாரமாவது இருக்கும்!”

“பதினாறு நாள்,” என்றாள் சமையலறையிலிருந்து, வெங்காயம் நறுக்குவதை நிறுத்தாமல்.

“ஏன் சொல்லல?”

“தினம் சொன்னேங்க, சார்ஜ் ஏறலன்னு. ‘ம், நாளைக்குப் பாக்கறேன்’னீங்க. பதினாறு நாளா ஃபோன்லயே வகுப்பெடுத்துக் கண்ணு போச்சு.”

“அப்ப அந்த டம்ளர்…”

“நான்தான் வச்சேன். உங்க முழங்கை எங்க வரும்னு எனக்குத் தெரியாதா? நீங்க கெடுத்ததைத்தானே உடனே பாப்பீங்க. ஏற்கெனவே செத்த லேப்டாப்புக்குத் தண்ணியால ஒண்ணும் ஆகாது. கடையில நீங்க பேசற வசனம்தான்.”

டாக்டர் எழுந்தார். தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனார். மிக்ஸிக்குப் பக்கத்தில், மேடையின் விளிம்பில், சரியாக அவர் முழங்கை உயரத்தில், ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் இருந்தது.

திரும்பிப் போய் ஸ்க்ரூடிரைவரை எடுத்து வந்தார்.

“மிக்ஸி எத்தனை நாளா ஓடல?” என்று கேட்டார்.